இடியப்பமும் கண்ணாடி நூடில்ஸும்

நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மகோற்சவம் 25 நாள்கள் நடைபெறும். அந்நாள்களில் அயலிலுள்ள இல்லங்களில் மரக்கறி உணவே சமைக்கப்படும். வந்து தங்கும் உறவினருக்கு இடியப்பமும் சொதியும் பரிமாறப்படுவதுண்டு. இந்த இடியப்பத்துக்குச் சீனத்திலே தூரத்து உறவொன்று இருக்கிறது. அதுவே பயற்றிலிருந்து பெறப்படும் கண்ணாடி நூடில்ஸ்.

கோதுமை மாவைப் பிசையும்போது அதன் புரதம் இழுபடும் பசையாகி மாவைப் பிணைத்துக்கொள்கிறது. அரிசியிலும் பயற்றிலும் அத்தகைய பசை இல்லை. ஆதலால் வெப்பத்தின் துணை வேண்டியிருக்கிறது. வறுத்த அரிசிமாவிலே கொதிநீரை விட்டுக் குழைத்தால் மாப்பொருள் நீரை உறிஞ்சிப் பருத்துக் களித்தன்மை அடைகிறது. உரலிலிட்டுப் பிழியும்போது இழை அறுவதில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்கள் கோதுமை மாவையுங்கூட அவித்து அரித்த பின்னரே இடியப்பத்துக்கு எடுப்பர். ஆவியில் வெந்த புரதம் இழுபடுந்தன்மையை இழப்பதால் மா இலகுவாகப் பிழிபடும். காரணம் கேளாமலே கை கண்டுகொண்ட வழி இது!

சீனத்தின் சாண்டோங் மாகாணத்தில் பயற்றை ஊறவைத்து அரைத்து நீரிற் கரைத்து, அடியிற் படியும் மாப்பொருளை மட்டும் பிரித்தெடுப்பர். அதில் ஒரு சிறு பகுதியைக் களியாகக் காய்ச்சி, எஞ்சியதோடு சேர்த்துப் பிசைந்து, கொதிநீருள் இழைகளாக விழச்செய்து, பின் குளிர்நீரிலிட்டு உலர்த்துவர். பயற்று மாப்பொருள் ஆறியதும் நன்கு இறுகும். ஆகவே சாற்றிலே கிடந்தாலும் இழை எளிதிற் கரைவதில்லை. கொரியர் வற்றாளங்கிழங்கின் மாவிலே இதனைச் செய்வர். யப்பானியர் இதற்கு இட்ட பெயர் ‘ஹருசமே’. இளவேனில் மழை என்பது அதன் பொருள்.

சமைக்கும் முறையில் இடியப்பத்தின் வழக்கம் இங்கே உதவாது. இழைகளைச் சுடுநீரிலே சில நிமிடம் ஊறவிட்டு, கறி இறக்குந் தறுவாயிற் சேர்த்தாற் போதும். தனக்கெனச் சுவையில்லாத இவ்விழை, சேர்ந்த சாற்றின் சுவையையே ஏற்றுக்கொள்ளும். சொதியிலிட்டு மறந்துவிட்டால் சட்டியில் இழை இருக்கும், சொதி இராது.

பயற்றிலே செய்ததென்பதற்காக இது குழந்தைக்கும் நோயாளிக்கும் சத்துணவாகும் என்று எண்ணுதல் தவறு. 100 கிராம் பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. அதே நிறையுள்ள உலர்ந்த இழையில் 1 கிராம் தானும் இல்லை. புரதமும் நாரும் நீரோடு கழிந்தமையாலேதான் அந்தக் கண்ணாடித் தெளிவு வந்தது. எனவே இதனைப் பரிமாறுவோர் பருப்பையோ கடலையையோ உடன் சேர்த்தல் வேண்டும். பயற்றை வறுத்து இடித்துப் பயற்றம் உருண்டை பிடிக்கும் வீட்டிலோ அந்தப் புரதம் உருண்டையிலேயே தங்கிவிடுகிறது.