405 என்ற ஒற்றைப்படை எண்

1936 நவம்பர் 2 அன்று, வடக்கு லண்டனில் குன்றின்மேல் நிற்கும் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. சேவை என்று பெயரே தவிர, நடந்தது போட்டி. ஒரு வாரம் ஜான் லோகி பேர்டின் 240 கோட்டு முறை. மறுவாரம் மார்கோனி-இஎம்ஐயின் 405 கோட்டு முறை. முதல் வாரம் யாருக்கு என்று முடிவு செய்ய நாணயத்தைச் சுண்டினார்கள். பூவா தலையாவில் வென்றவர் பேர்டு.

அவருக்குக் கிடைத்த வெற்றி அது ஒன்றுதான்.

பழைய டிவியில் படம் என்பது, மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக வரையப்பட்ட ஒளிக்கோடுகள். எத்தனை கோடு, நொடிக்கு எத்தனை படம் என்பதில் நிலையமும் வீட்டுப் பெட்டியும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் உருவமே நிற்காது. பெட்டிகள் விற்ற பிறகு கணக்கை மாற்றினால் அத்தனையும் வீண். ஆகவே, தரத்தை முதலில் வகுப்பவர் அடுத்த தலைமுறைக்கும் சேர்த்தே வகுக்கிறார்.

பேர்டு தரப்பின் ஸ்டூடியோவில் காட்சியை முதலில் ஃபிலிமில் பிடித்தார்கள். ஃபிலிம் நேரே கீழே ரசாயனத் தொட்டிகளுக்குள் இறங்கும். டெவலப் ஆகி, சயனைடு கரைசலில் நிலைப்படுத்தப்பட்டு, ஈரம் காயுமுன்பே மின்சமிக்ஞையாக மாறும். இவ்வளவும் சுமார் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்! அசாத்தியமான வேலைப்பாடு. ஆனால் தொட்டியோடும் குழாயோடும் பிணைந்த கேமராவை இடம்விட்டு நகர்த்த முடியாது. நொடிக்கு 25 முறை மட்டுமே புதுப்பிக்கப்பட்ட படம் கண்ணுக்குச் சிமிட்டியது.

எதிர்த்தரப்பில் ஐசக் ஷூன்பெர்க் தலைமையில், ஆலன் ப்ளம்லைன் போன்ற பொறியாளர்கள். அவர்களுடைய எமிட்ரான் கேமராவில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. எல்லாம் மின்னணுக்கற்றையின் வேலை. முதலில் 243 கோடுகளில் சோதித்துக்கொண்டிருந்தவர்களை 405க்குத் தாவச் சொன்னவர் ஷூன்பெர்க். கருவிகள் தாங்குமா என்று முழுதாகத் தெரியாத நேரத்தில் எடுத்த துணிச்சலான முடிவு அது.

ஏன் 400 இல்லை? சிமிட்டலைப் போக்க, ஒரு படத்தை இரண்டு தவணையாக அனுப்பினார்கள். முதல் தவணையில் ஒன்று விட்டு ஒரு கோடு, அடுத்ததில் நடுவே விட்ட கோடுகள். படம் 25தான், கண்ணில் படுவதோ நொடிக்கு 50 முறை. மொத்தம் ஒற்றைப்படை என்றால் ஒரு தவணைக்கு 202½ கோடு. அந்த அரைக்கோடுதான் இரண்டாம் தவணையைத் தானாகவே இடைவெளிகளில் விழ வைக்கிறது.

எண்ணைச் சிறு எண்களால் வகுக்கவும் முடிய வேண்டும். அன்றைய வால்வு சுற்றுகள் 3, 5 என்று சிறிதாகத்தான் நம்பகமாக வகுத்தன. நொடிக்கு 20,250 (405 × 50) துடிப்புகளை நான்கு முறை மூன்றால் வகுத்து, பிறகு ஐந்தால் வகுத்தால் சரியாக 50. பிரிட்டனின் மின்சாரமும் நொடிக்கு 50 சுழற்சிதான். இரண்டும் ஒத்துப்போனதால், மின்சார இரைச்சல் திரையில் பட்டைபட்டையாக ஊர்வது அடங்கியது.

நவம்பர் 30 இரவு கிரிஸ்டல் பேலஸ் எரிந்தபோது, அங்கிருந்த பேர்டின் ஆய்வுக்கூடங்களும் பெரும்பகுதி நாசமாயின. 1937 பிப்ரவரியில் 405 மட்டுமே தரம் என்று முடிவானது. அந்த மே மாதமே ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு ஊர்வலத்தை எமிட்ரான் கேமராக்கள் தெருவிலிருந்து நேரடியாகக் காட்டின. தொட்டியோடு கட்டிப்போட்ட கேமராவால் நடந்திருக்காத காரியம்.

மற்ற நாடுகளும் இதே கணக்கில்தான் போயின. ஜெர்மனியின் 441, அமெரிக்கா 1941இல் ஏற்ற 525, பிரான்ஸின் 819, பின்னர் ஐரோப்பாவில் பரவிய 625 எல்லாமே சிறு எண்களால் வகுபடும் ஒற்றைப்படை எண்கள். 60 சுழற்சி மின்சாரமுள்ள அமெரிக்கா நொடிக்கு 30 படம் என்றது. 50 சுழற்சியுள்ள இந்தியா 625 கோடு, 25 படம் என்ற தரத்தை ஏற்றது. 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் படமும் அந்த 625 கோடுகளில்தான் வந்தது.

ஷூன்பெர்க்கின் துணிச்சல் வீண்போகவில்லை. 405 கோட்டு ஒளிபரப்பை பிரிட்டன் அடியோடு நிறுத்தியது 1985 ஜனவரியில்.