அடுப்பில் முடிந்த மரம்

முன்பெல்லாம் கிராமத்து வீட்டில் மரத்துக்கு ஓய்வே கிடையாது. வாசல் கதவு உளுத்தால், நல்ல பலகையை அறுத்தெடுத்துத் தொழுவத்துக்குக் கதவு போடுவார்கள். அங்கேயும் நைந்துபோனால் வேலிப் படலுக்கு முட்டு. முறிந்த ஏர்க்கால் அவரைப் பந்தலுக்குக் கால். கடைசியில் எல்லாம் அடுப்புக்குத்தான். தோட்டத்துக்கு அது சாம்பலாகத்தான் வந்து சேரும். அவரைக் கொடியில் அசுவினி கண்டால், காலைப் பனி ஈரத்தில் அள்ளித் தூவுவார்கள். அலங்காரத்துக்கென்று ஒரு சிராய்கூட மிஞ்சாது.

வண்டிச் சக்கரத்துக்கு மட்டும் ஆயுள் கொஞ்சம் கெட்டி. குடம் பிளந்தாலும், தேறிய ஆரக்கால்களை ஆசாரி கழற்றி வைத்துக்கொள்வார். இரும்புப் பட்டா கொல்லுப்பட்டறைக்குப் போகும்.

டயர் வண்டி வந்தது, டிராக்டர் வந்தது. 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பும் கொடுத்தது. உழவும் இல்லை, விறகுக்கும் அவ்வளவாகத் தேவையில்லை என்றானதும் பழைய மரம் கொல்லையில் கேட்பாரற்றுக் கிடந்தது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

தள்ளிவிட்டதற்கு இன்று தனி மவுசு. செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த பர்மா தேக்கைத் தேடி வெளியூர்க்காரர்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வருகிறார்கள். பண்ணை வீட்டு வாசலில் சக்கரம் வார்னிஷ் பூசிக்கொண்டு சாய்ந்திருக்கிறது. நுகத்தடியில் விளக்கு தொங்குகிறது. எரிந்து போவதற்கு இது மேல் என்றுதான் சொல்வேன். மாட்டின் கழுத்துப் பட்டு வழவழத்த இடம் அதில் அப்படியே இருக்கிறதே! ஆனால் புது மரத்தைத் தீயில் வாட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்துப் ‘பழசு’ ஆக்குகிறார்களே, அதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

நகரத்து மாடித்தோட்டக்காரருக்குக் கிடைப்பது சரக்குப் பெட்டிகளின் அடியில் வரும் பேலட் கட்டை. பூந்தொட்டித் தாங்கி, கொடி ஏறும் சட்டம், குருவிக்கூடு என எதையும் செய்யலாம். குருவிக்கூட்டுக்கு 32 மில்லிமீட்டர் ஓட்டை போதும். பேலட்டில் பெரும்பாலும் வருவது பைன் மரம். நம் ஊர்க் கரையானுக்கு விருந்து. வைரம் பாய்ந்த தேக்கோடு அதை ஒப்பிடவே கூடாது. மண்ணில் நேராக ஊன்றாமல் செங்கல் மேல் நிறுத்துங்கள். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம். பழைய என்ஜின் ஆயில் வேண்டாம், அது மண்ணில் இறங்கும்.

வாங்கும்போது கட்டையில் சுட்ட முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமாவது சூடேற்றப்பட்டது என்று பொருள்; தைரியமாக எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது. கீரைப் பாத்தி பக்கம் அதைக் கொண்டுவராதீர்கள், அடுப்பிலும் வைக்காதீர்கள்.