சாப்பிடாத பிள்ளையும் பழி சுமந்த தாயும்

அனோரெக்ஸியா நெர்வோசா என்ற நோய்ப்பெயருக்கு, நரம்புக் கோளாறால் வரும் பசியின்மை என்று பொருள். பெயர் பொருத்தமாக அமையவில்லை. இந்த நோய் கண்டவர்களில் பலருக்குப் பசிக்கும். பசித்தும் உண்ண முடியாது. ஒரு ரொட்டியை இருபது துணுக்குகளாகப் பிய்ப்பார்கள், தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவார்கள், மறுபடி நடுவுக்குக் கொண்டுவருவார்கள். எதிரே அம்மா ‘இன்னும் ஒரு வாய்’ என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள். எலும்பும் தோலுமாகிவிட்ட பிறகும் உடம்பு பருத்திருப்பதாகவே பலருக்குத் தோன்றும். மனநோய்களில் அதிக உயிர்களைக் காவுகொள்பவற்றுள் இதுவும் ஒன்று.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த அம்மாவின் தலையில்தான் பழி விழுந்தது. 1870-களில் நோய்க்கு இந்தப் பெயரைச் சூட்டிய லண்டன் மருத்துவர் வில்லியம் கல், நோயாளியைக் கவனித்துக்கொள்ள உறவினர்கள் ஏற்றவர்கள் அல்ல என்று கருதினார். பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ, பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதையே மருந்தாகச் சொன்னார். 1970-களில் அமெரிக்காவில் மனநல மருத்துவர் சால்வடோர் மினூச்சின், குடும்ப உறவுகளின் பின்னலிலேயே கோளாறைத் தேடினார். குடும்பத்தைச் சிகிச்சைக்குள் அழைத்துவந்த நன்மை அவரால் விளைந்ததுதான். ஆனாலும், ‘நாம்தான் பிள்ளையைக் கெடுத்தோமோ’ என்ற குத்தல் பெற்றோர் நெஞ்சிலிருந்து போகவில்லை.

இந்த இடத்தில்தான் சிந்தியா பியூலிக்கின் வேலை முக்கியமாகிறது. சிகிச்சை உளவியலில் பயிற்சி பெற்றவர். சேப்பல் ஹில்லில் உள்ள நார்த் கரோலினா பல்கலைக்கழகத்திலும் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்திலும் பணியாற்றுபவர். ஓர் உளவியலாளர் மரபணுவின் பக்கம் போனதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

முதலில் இரட்டையர்களைப் பார்த்தார். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்று. இரு கருவாக உருவான இரட்டையருக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே தாய் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்கிறவர்கள். முதல் வகையில் ஒருவருக்கு வந்த நோய் மற்றவருக்கும் வருவது கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதலுக்கு வளர்ப்பைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஸ்வீடனின் இரட்டையர் பதிவேட்டில் இருந்த 31,406 பேரை வைத்து இவரும் குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மரபின் பங்கு 56 சதவீதம் என்று வந்தது.

இந்த எண்ணைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். ஒரு பெண்ணின் நோயில் 56 பங்கு மரபு, மீதி 44 பங்கு வீடு என்று அதைப் பிரித்துக் கொடுக்க முடியாது. ஒரு மக்கள் கூட்டத்தில் சிலருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம், சிலருக்குக் குறைவு. அந்த ஏற்றத்தாழ்வில் எவ்வளவை மரபணு வேறுபாடு விளக்குகிறது என்பதை மட்டுமே அது சொல்லும். தனி ஒருவரின் தலையெழுத்து அதில் இல்லை.

சரி, எந்த மரபணு? பல நாட்டு ஆய்வாளர்கள் கைகோத்துத் தேடினார்கள். 2,907 நோயாளிகளின் டி.என்.ஏ.வை அலசி 2014-இல் வந்த ஆய்வில் நோயோடு தொடர்புடையது என்று உறுதியாகச் சொல்ல டி.என்.ஏ.வில் ஓர் இடம்கூட அகப்படவில்லை. 2017-இல் 3,495 பேர். ஓர் இடம் தட்டுப்பட்டது. ஒவ்வொரு மரபணு வேறுபாட்டின் விளைவும் மிகச் சிறியது, ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்காக பியூலிக் தலைமையில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் நோய் கண்டவர்களிடமும் அதிலிருந்து மீண்டவர்களிடமும் இரத்தம் திரட்டினார்கள். சாப்பிட மறுக்கும் பிள்ளையைப் பார்த்து ‘திமிர்’ என்று ஊர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு நொந்தவர்கள், தங்கள் நோய்க்கும் உடலில் காரணம் தேடப்படுகிறது என்று அறிந்து கை நீட்டியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். 2019-இல், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜெரோம் ப்ரீனோடு சேர்ந்து இவர் தலைமையேற்ற ஆய்வில் 16,992 நோயாளிகள், நோயில்லாத 55,525 பேர். எட்டு இடங்கள் கிடைத்தன.

எட்டு என்ற எண்ணிக்கையைவிட அங்கே தெரிந்த உறவுகள்தான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தன. திரும்பத் திரும்ப ஒன்றையே செய்யத் தூண்டும் ஓசிடி, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றோடு மரபணு அளவில் தொடர்பு இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இன்சுலின், நல்ல கொழுப்பு, உடல் கொழுப்பு என்று வளர்சிதை மாற்றத்தோடும் தொடர்பு இருந்தது. ஆகவே இதை மனநோயாக மட்டும் பார்க்காமல், வளர்சிதை மாற்றமும் கலந்த நோயாகப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் வாதிட்டார்கள். நம்மில் பெரும்பாலோர் பட்டினி கிடந்து எடை இழந்தால் உடம்பு விடாது; பசியைக் கிளப்பி, இழந்ததை மீட்கப் பார்க்கும். மருத்துவமனையில் எடை ஏற்றி வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகள் சில வாரங்களில் மறுபடி மெலிந்துவிடுவது ஏன் என்று திகைத்த மருத்துவர்களுக்கு, இவர்களின் உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்கிறதோ என்று கேட்க ஒரு வழி திறந்தது. மருந்து இதுவரை வரவில்லை.

மாற்றம் வேறு இடத்தில் வந்திருக்கிறது. பியூலிக்கின் உரை ஒன்றை அடியொற்றி, உணவுக் கோளாறுகளுக்கான சர்வதேச அமைப்பு வெளியிட்ட ஒன்பது உண்மைகள் பல மொழிகளில் சிகிச்சை நிலையங்களுக்குப் போயின. குடும்பத்தின் மேல் பழி இல்லை, சிகிச்சையில் குடும்பமே நல்ல துணை என்பது அவற்றில் ஒன்று. மரபணு மட்டுமே நோயைத் தீர்மானிப்பதில்லை என்பது இன்னொன்று. தன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டொனால்ட் பாகமோடு சேர்ந்து, நோயாளியின் கணவரையோ மனைவியையோ பக்கத்தில் உட்கார வைத்து நடத்தும் சிகிச்சையையும் இவர் உருவாக்கினார். உறவினர் வேண்டாம் என்று கல் சொன்ன காலத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோம்.

நமக்கு ஒரு குறை உண்டு. 2019 ஆய்வில் இடம்பெற்றவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்த எட்டு இடங்களை அப்படியே தெற்காசியர்கள் மேல் பொருத்திவிட முடியாது. நோய் வெளிப்படும் விதமும் ஊருக்கு ஊர் மாறும். ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ பார்த்த நோயாளிகளில் பலர், குண்டாகிவிடுவேன் என்று பயந்ததாகச் சொல்லவே இல்லை. வயிறு உப்பிசமாக இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றார்கள். நம் வீட்டுப் பெண் ஒருத்தி அதையே சொன்னால், ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம்.