வட்டி தவறாமல் வந்தால் போதுமா?

மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் பெயர்பெற்ற திருக்கடையூரில் வாழ்பவன் நான். அறுபதை எட்டியவர்களின் கையில் பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் மொத்தமாக வந்துசேரும் காலம் அது. பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது: 'அந்த நிறுவனம் மாதந்தோறும் வட்டியைச் சரியாகத் தருகிறதாமே, பணம் போடலாமா?'

வட்டி தவறாமல் வருவது நிறுவனத்தின் நலத்துக்குச் சான்றாகாது. ஒரு லட்சம் ரூபாயைப் பெற்றுக்கொண்டு மாதம் மூவாயிரம் ரூபாய் தருபவர், ஒரு காசும் சம்பாதிக்காமலே 33 மாதங்கள் நாணயமானவராகக் காட்சியளிக்க முடியும். புதிய வைப்புகள் வந்துகொண்டிருந்தால் அந்தக் காலம் இன்னும் நீளும்.

சென்னை மாகாணம் இந்தப் பாடத்தை 1906-இலேயே பெற்றது. நூறாண்டுப் பெருமை கொண்ட அர்பத்நாட் நிறுவனம் அவ்வாண்டு அக்டோபர் 22 அன்று நொடித்துப்போனது. அதன் லண்டன் பங்குதாரர் ஊக வணிகத்தில் பெருந்தொகையை இழந்திருந்தார். கடனைத் தீர்க்கும் வலிமை இல்லாத நிலையிலும் நிறுவனம் வைப்புத்தொகைகளைப் பெற்றுக்கொண்டே இருந்தது. பணம் போட்டவர்களில் நிலக்கிழார்களும் அரசு அலுவலர்களும் இருந்தனர். 'சர்' பட்டம் பெற்ற ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

கடன் கொடுத்தவர்களுக்காகப் போராடியவர்களில் முன்னின்றவர், நம் காவிரிக்கரைத் திருவிடைமருதூரில் பிறந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவரது முயற்சியில் உருவான இந்தியன் வங்கி 1907 ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியது.

நூறாண்டு கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு தம் கணக்குகள் பொய்யென்று கடிதம் எழுதினார். ஏடுகளில் காட்டப்பட்ட ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்றது அக்கடிதம். 2015-இல் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

இரு நிகழ்வுகளும் ஒரே இயல்புடையவை. முதலில் ஓர் இழப்பு. அதை மறைக்க ஒரு பொய். அந்தப் பொய்யைக் காக்க மேலும் பெரிய பொய். மதிப்பும் உயர்நிலையும் உடையோர் தம் தொழிலின் ஊடாகவே செய்யும் இத்தகைய குற்றத்துக்கு 'வெள்ளைக் காலர் குற்றம்' என 1939-இல் பெயரிட்டார் அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லண்ட். பூட்டை உடைப்பவனுக்கு இருள் தேவை. இவர்களுக்குத் தேவை நற்பெயர்.

தமிழ்நாட்டில் வைப்பீட்டாளர் நலன் காக்கும் சட்டம் 1997 முதல் உண்டு. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் மத்திய சட்டம் 2019-இல் வந்தது. ஆயினும் சொத்துகளை முடக்கும்போது எஞ்சியிருப்பதைத்தான் பங்கிட இயலும். வங்கி வைப்புகளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தனியார் நிதித் திட்டங்களுக்கு அந்தக் காப்பு கிடையாது.

ஆகவே, வட்டி எவ்வளவு என்று கேட்குமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். வைப்புத்தொகை பெற இந்நிறுவனத்துக்கு அனுமதி அளித்தவர் யார்? என் பணம் எந்தத் தொழிலில் ஈடுபட்டு இந்த வட்டியை ஈட்டுகிறது? முதல் கேள்விக்கு ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளம் விடை தரும். இரண்டாவது கேள்விக்கு நேரான விடை வராவிட்டால், பணத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவதே விவேகம்.