வெண்படைக்குள் நடப்பது

கல்லடிப் பாலம் கடக்கும் மட்டக்களப்பு வாவியில்தான் மாந்தீவும் இருக்கிறது. பிரித்தானியர் காலத்தில் தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைத்த தீவு அது. தொழுநோய்க்கு இன்று நல்ல மருந்து உண்டு. ஆனாலும் கையிலோ உதட்டோரத்திலோ வெண்படை விழுந்தவருக்குப் பக்கத்தில் பஸ்ஸில் உட்காரத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி. 1873இல் ஹான்சன் என்ற வைத்தியர் அதைக் கண்டுபிடித்தார். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி மங்கும். வெண்படையில் கிள்ளினால் வலிக்கும், வெயிலில் நின்றால் வேர்க்கும். அது தொற்றவும் மாட்டாது. மீனும் தயிரும் சேர்த்துத் தின்றால் வரும் என்பார்கள். அது உண்மையானால் மட்டக்களப்பில் பாதிப்பேர் வெளுத்திருக்க வேண்டும்.

மேற்றோலின் அடியில் இருக்கும் நிறக்கலம் ஒவ்வொன்றும் கிளைகளை நீட்டிச் சுற்றியுள்ள ஏறத்தாழ 36 கலங்களுக்கு மெலனின் என்ற நிறப்பொருளைக் கொடுக்கிறது. வாங்கிய கலம் அதைத் தன் கருவுக்கு மேலே குடையாகப் பிடித்துக்கொள்ளும். கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் நிறக்கலங்களின் தொகை கிட்டத்தட்ட ஒன்றே. அவை செய்யும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறு. வெண்படையில் உடலைக் காக்க வேண்டிய ரி கலங்களே இந்த நிறக்கலங்களைப் பகையென்று எண்ணிக் கொல்கின்றன. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. சிலருக்கு ஒட்டுப்பொட்டின் பசையும் றப்பர் செருப்பும் கூடக் காரணமாகின்றன. பொட்டு வைத்த இடத்திலேயே வட்டமாக வெள்ளை விழும்.

எனக்கு வியப்பான இடம் மயிர்க்கால். அதன் உள்ளே நிறக்கலத்தின் தண்டுக்கலங்கள் ரி கலங்களுக்கு எளிதில் அகப்படாமல் ஒதுங்கிக் கிடக்கின்றன. 311 நானோமீற்றர் புறஊதாக் கதிரை வைத்தியர் அளவறிந்து பாய்ச்சினால் அவை விழித்து மேலேறிப் பரவுகின்றன. அதனால்தான் நிறம் திரும்பும்போது மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு புள்ளிகளாகத் தொடங்குகிறது. மயிர் முளைக்காத உதட்டிலும் விரல்நுனியிலும் அது திரும்புவது அரிது. 2022இல் அமெரிக்கா அனுமதித்த ருக்சோலிடினிப் களிம்பு ரி கலங்களின் தாக்குதலைத் தணிக்கிறது. நிறுத்தினால் வெள்ளை பலருக்குத் திரும்பி வருகிறது.

இந்த ஓயாத வேலையே வேண்டாம் என்று விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சோம்பல் அல்ல. பாடகர் மைக்கல் ஜாக்சன் தன் வெண்படையை ஒப்பனையால் மறைத்து, 1993இல்தான் தொலைக்காட்சியில் வெளியே சொன்னார். கனடாவின் வின்னி ஹார்லோ மறைக்காமலே மொடலிங் மேடையில் நடந்தார். கல்லடிக் கடற்கரையில் வெண்படையோடு நிற்கிறவருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: குடையில்லாத தோல் சீக்கிரம் வெந்துவிடும், முழுக்கைச் சட்டை நல்லது.

ஆனால் மெலனோமா என்ற தோற்புற்று வெண்படை உள்ளவர்களுக்குக் குறைவாகவே வருகிறது என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தப் புற்று பிறப்பது நிறக்கலத்தில். ரி கலங்கள் அதையும் விடுவதில்லை போலும். மெலனோமாவுக்கு நிர்ப்பீடன சிகிச்சை பெறுகிறவரின் தோலில் புதிதாக வெள்ளை விழுந்தால், வைத்தியர்கள் அதை மருந்து வேலை செய்வதற்கான நல்ல குறியாகவே பார்க்கிறார்கள்.