காசநோய் வேடத்தில் ஒரு மண் கிருமி: மெலியாய்டோசிஸ்

தோற்றத்தில் காசநோய்

வாரக்கணக்கில் நீளும் காய்ச்சல், சளியுடன் கூடிய இருமல், உடல் மெலிவு, எக்ஸ்ரே படத்தில் நுரையீரலின் மேற்பகுதியில் குழி ஆகியவை சேர்ந்து காணப்படும்போது காசநோய் என்று கருதுவது இயல்பே எனினும், சளியில் காசநோய்க் கிருமி தென்படாமலும் காசநோய் மருந்துக்குக் குணம் தெரியாமலும் இருப்போரில் சிலருக்கு உண்மையில் இருப்பது மெலியாய்டோசிஸ் என்னும் பாக்டீரியா நோயாகும். ரங்கூனில் ஆல்பிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் 1912-இல் இதனை விவரித்து எழுதியபோது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. அவ்வாறிருந்தும் தென்கிழக்கு ஆசியாவின் நோய் என்றே இந்திய மருத்துவ உலகம் இதனை நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தது வியப்புக்குரியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் தேடிப் பார்க்கத் தொடங்கிய பின்னரே தமிழ்நாட்டு நோயாளிகள் வெளிச்சத்துக்கு வந்தனர்.

வயலும் சர்க்கரை நோயும்

இக்கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்ந்து, தோலின் கீறல் வழியாகவோ, மழைக்காற்றில் மூச்சுடன் கலந்தோ, கொதிக்க வைக்காத நீர் மூலமாகவோ உடலுக்குள் புகுகிறது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுவது மிக அரிது. நோயுற்றோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் சர்க்கரை நோயாளிகள் என்பதால், சத்தியமங்கலத்தை அடுத்த கொடிவேரி அணையின் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசன வயல்களைப் போன்ற சேற்று நிலங்களில் வெறுங்காலுடன் இறங்கும் சர்க்கரை நோயாளிக்கு நிமோனியா கண்டால், மருத்துவர் இந்நோயையும் எண்ணிப் பார்ப்பது தகும்.

கண்டறிதல்

இரத்தம், சளி, சிறுநீர், சீழ் ஆகியவற்றில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையே உறுதியான வழி. ஐயத்தை முன்கூட்டியே ஆய்வகத்துக்குத் தெரிவிக்காவிடில், வளர்ந்த கிருமி சூடோமோனாஸ் வகையைச் சேர்ந்த வேறொன்று எனத் தவறாகக் குறிக்கப்பட்டுவிடக்கூடும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி உள்ளதா என ஸ்கேன் மூலம் பார்ப்பதும் பயன் தரும்.

இரு கட்டச் சிகிச்சை

பென்சிலின், ஆம்பிசிலின் போன்ற வழக்கமான மருந்துகளுக்கு இக்கிருமி பணிவதில்லை. முதல் கட்டத்தில் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் குறைந்தது 10 முதல் 14 நாட்கள் வரை இரத்த நாளம் வழியே செலுத்தப்படுகிறது. அடுத்து, உடலில் ஒளிந்திருக்கும் கிருமியை ஒழிக்கக் கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 3 மாதங்கள் தொடர்கிறது. காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவதே நோய் திரும்புவதற்குப் பெரிதும் காரணமாகிறது. மாத்திரை உட்கொள்ளும் காலத்தில் சிறுநீரகச் செயல்பாடும் இரத்தத்திலுள்ள பொட்டாசியம் அளவும் அவ்வப்போது பரிசோதிக்கப்பட வேண்டும். தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லையாதலால், வயலுக்குத் தண்ணீர் கட்டச் செல்வோருக்கு ரப்பர் பூட்ஸும், காலிலுள்ள புண்ணுக்கு நீர் புகாத கட்டுமே இப்போதைக்குக் காப்பு.