எடை பார்க்க ஆளில்லாத பிள்ளைகள்

தாம்பரத்திலிருந்து கிழக்கே மேடவாக்கம் தாண்டினால் பெரும்பாக்கம். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பிடுங்கப்பட்ட குடும்பங்களைக் கொண்டுவந்து அடுக்கிய எட்டு மாடிக் குடியிருப்புகள். தலித் மக்களே இங்கு அதிகம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, மேல்மாடியில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் ஐந்தாம் வகுப்பில் இருந்தான். அப்போதே பருத்த உடம்பு. 'குண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ல். பத்தொன்பது மாதங்களுக்கு மேல் அவன் ஓர் அறை, ஒரு கூடம், ஒரு செல்போன் என்று கிடந்தான். லிஃப்ட் ஓடாத நாளில் கீழே இறங்கினால் ஏறி வர வேண்டுமே என்று இறங்கவே மாட்டான்.

"மூணு வேளையும் ரேஷன் அரிசிதாண்ணா. நடுவுல சக்கரை போட்ட டீ, பன்னு. வேலைக்குப் போன வீட்ல எல்லாம் வராதேன்னுட்டாங்க. காய்கறிக்கு எங்க போறது?" என்றார் அவன் அம்மா. பள்ளி நாள்தோறும் சத்துணவில் கிடைத்த முட்டை நின்றது. அதற்குப் பதில் அரிசியும் பருப்பும் கையில் கொடுத்தார்கள். ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் அது அவன் பங்காக எப்படி மிஞ்சும்?

உடல்பருமன் என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளை, கையில் பீட்சா என்றே படம் போடுகிறோம். (பத்திரிகைக்காரர்கள் நாமும்தான்.) 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு வேறு கதை சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். அதே ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. வெறும் சோறும் சர்க்கரையும் வயிற்றை நிரப்பும், எடையையும் ஏற்றும். சத்து மட்டும் சேராது.

இத்தாலியின் வெரோனா நகரில் உடல்பருமன் உள்ள 41 பிள்ளைகளை ஊரடங்கின் மூன்றாவது வாரத்தில் விசாரித்தார்கள். திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 4,32,302 பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தபோது, உயரத்துக்கான எடை ஏறும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. ஏற்கெனவே பருமனாக இருந்த பிள்ளைகளுக்கே அதிகமாக ஏறியது. அங்கே கணக்கெடுக்கப் பதிவாவது இருந்தது. நம் பையனுக்கு உயரமும் எடையும் பார்த்த ஒரே இடம் பள்ளிக்கூடம். அது பூட்டியபோது அந்தக் கணக்கும் நின்றுபோனது.

பள்ளி திறந்த முதல் வாரம் அவன் போகவில்லை. பழைய சீருடை ஏறவில்லை. கலர் சட்டையில் போனால் சிரிப்பார்கள் என்றான். அம்மா பக்கத்துத் தையலை எல்லாம் பிரித்துவிட்டு, உள்ளே ஒட்டுத்துணி கொடுத்துத் தைத்து அனுப்பினார். போன பிறகு தெரிந்தது, விட்டுப்போன பாடத்தை முடிக்க விளையாட்டு பீரியடையும் கணக்குக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.